வெளியேறும் கதவின் விலை

படகை விற்ற காசு, ஒன்பதாயிரத்து இருநூறு டாலர்,
வங்கியில் கிடக்கிறது.
வட்டி என்ற பெயரில் மாதாமாதம்
ஒரு காப்பிக்குத் தேறாத சில்லறை விழுகிறது.
துலூத்தில் பிப்ரவரி. ஏரி இறுகிவிட்டது.
காலை நான்கு மணி, இரண்டு சுற்றுக்கு நடுவே
பனிவாரி வண்டியின் எஞ்சினை அணைக்காமல்
டீசல் சூட்டில் உட்கார்ந்து
உப்பு ஏற்றிய சீட்டின் முதுகில் கோடு இழுக்கிறேன்.
மூன்று பங்குத் தரகர்கள்.
ஒரு நான்.

முதலாவது இலவசம்.
வாங்கினாலும் இலவசம், விற்றாலும் இலவசம்.
பார்ப்போமே என்று ஐந்து டாலருக்கு
ஏதோ ஒரு பங்கின் துணுக்கை வாங்கினேன்.
திரை முழுக்க வண்ணக் காகிதம் கொட்டியது.
சிரித்துவிட்டேன், தனியாக, வண்டிக்குள்.
பதினான்கு குளிர்காலமாக
விழுவதை அள்ளிப் பிழைக்கிறவள் நான்.
விழுகிற எதுவும் இலவசமில்லை;
யாரோ ஒருத்தி விடியுமுன் எழ வேண்டியிருக்கிறது.
என் ஆர்டரை எவனுக்கோ காசுக்குக் கைமாற்றுவதாக
ஒன்பதாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது.
கோபமில்லை. சொல்லியிருக்கிறார்களே.

இரண்டாவதில் வரைபடங்கள் அழகு.
மலை, பள்ளம், மறுபடி மலை.
உள்ளே வர ஒரு சென்ட் வேண்டாம்.
பங்குகளைக் கட்டிக்கொண்டு வேறிடம் போவதானால்
எழுபத்தைந்து டாலர்.
என் விவாகரத்தைவிட மலிவுதான்.
இருந்தாலும் அடியில் கோடிட்டு வைத்தேன்.

டிப்போவில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு.
துவோமஸ் ஆப்ஷன் வியாபாரத்தில் வாங்கிய டிரக்கை
ஆப்ஷன் வியாபாரத்திலேயே விற்றவன்.
அவன்தான் அதிகம் பேசுகிறான்.

மூன்றாவதன் இணையப் பக்கம்
பத்து வருஷம் வெள்ளையடிக்காத சுவர்.
தொலைபேசி எண் மட்டும் பெரிதாக.
பதினோரு நிமிடம் ஒரே புல்லாங்குழல்,
பிறகு ஓர் இருமல், பிறகு
"நெப்ராஸ்காவிலிருந்து ஆர்லன்.
அது என்ன சத்தம், மேடம்?"
பனிவாரி என்றேன்.
உங்கள் கம்பெனி மூழ்கினால்?
"காப்பீடு இருக்கிறது. பங்கு உங்கள் கணக்கில் இருக்கும்."
பங்கே மூழ்கினால்?
மறுபடி இருமினான்.
"அதற்கு எதுவும் இல்லை. அது உங்களுடையது."
அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டேன்.
வருஷத்துக்கு இருபது டாலர் பராமரிப்பு என்றதும்
இரண்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

நாலு இரவு ஓடிவிட்டது.
கட்டணம், வட்டி, செயலியின் வேகம்,
ஞாயிறன்று ஃபோன் எடுப்பார்களா.
உண்மை என்னவென்றால்
மூன்றிலும் ஒரே கட்டம் இருந்தது.
நீங்கள் இறந்தால் யாருக்கு.
கட்டாயமில்லை என்று பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.
அங்கே வந்ததும் ஒவ்வொரு தடவையும்
எனக்கு உப்பு ஏற்றும் வேலை வந்துவிடும்.

நெடுஞ்சாலையில் எங்கள் வண்டிகள் சாய்வரிசையில் போகும்.
நான் தள்ளிவிட்டதை எனக்குப் பின்னால்
லாயிட் பெர்குவிஸ்ட் வாங்கி ஓரத்துக்குத் தள்ளுவான்.
பதினான்கு வருஷமும் பக்கக் கண்ணாடியில்
அவன் ஒரு மஞ்சள் விளக்கு.
வெளியே காப்பி குடித்தது நாலு தடவை இருக்கும்.
நான் வேகம் குறைத்தால் குறைப்பான்,
ஏன் என்று கேட்டதில்லை.

ரேடியோவை எடுத்து, உன் பிறந்த தேதி என்ன என்றேன்.
கரகரப்பு.
"கேக் வாங்கப் போகிறாயா?"
ஒரு படிவம்.
"மார்ச் ஒன்பது. அறுபத்தொன்று."
வேறு எதுவும் கேட்கவில்லை.

இருமியவனிடம்தான் கணக்கு.
உறவு என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது:
கணவர், பிள்ளை, உடன்பிறந்தவர், அறக்கட்டளை.
கடைசியாக, மற்றவை.
கையுறையைக் கழற்றி அதைத் தொட்டேன்.

கிளம்பினோம். பனி தன்பாட்டுக்கு விழுந்தது.
பலகையைத் தாழ்த்தி எவ்வளவு தூரம் போனேனோ,
ரேடியோவில் அவன் குரல்:
"வெர்னா, தூக்கு. பாலம் வருகிறது."